எழுநூற்று எண்பது அடி

ஆடிட்டர் கேட்டார், என்ன தொழிலுங்க என்று.
கேம் என்றோம்.
சீட்டாட்டமா?
இல்லைங்க, போனில் ஆடுவது.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
'மென்பொருள் மற்றும் இதர' என்று எழுதினார்.
அன்றிலிருந்து எங்களுக்குள்
எங்கள் கம்பெனியின் பெயர் இதர.

திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு,
ரிக் வண்டி உதிரிபாகக் கடைக்கு மேல்மாடி.
கீழே ஹேமர் பிட்டை இறக்கும்போதெல்லாம்
மேலே திரை ஒரு நொடி நடுங்கும்.
சௌடேஸ்வரி வரைவாள்,
அர்த்தனாரி நிரல் எழுதுவான்,
நான் ஒலி. ஒலி இல்லாத நாளில் வரவு செலவு,
அதாவது செலவு.

முதல் ஆட்டம் ஒரு டவுன் பஸ்.
பதினெட்டுப் போனில் இறங்கியது.
அதில் ஏழு எங்களுடையது,
மூன்று பேருக்கு ஏது ஏழு போன் என்று கேட்காதீர்கள்.
இரண்டாவதை முடிக்கவே இல்லை.
நடுவில் இரண்டு வருசம்
லாரி எங்கே நிற்கிறதென்று காட்டும் திரை,
நாமக்கல் பண்ணைக்குத் தீவனக் கணக்கு,
ஒரு கல்யாணத்துக்கு
மாப்பிள்ளை குதிரையில் வரும் படம்.
குதிரைக்கு மட்டும் ஒன்பது நாள்.
காசு வரவில்லை, பந்திக்குக் கூப்பிட்டார்கள்,
போய்ச் சாப்பிட்டோம்.

கரண்ட் போன ஒரு மதியம்
படியில் உட்கார்ந்திருந்தோம்.
பிட் வாங்க வந்த டிரில்லர் ஒருத்தர்
சட்டீஸ்கரில் ஒரே காட்டில் நாலு குழி போட்டதைச் சொன்னார்.
நாலும் புகைதானுங்க.
சொல்லிவிட்டு பில்லைக் கூட்டிப் பார்த்தார்.

அன்றிரவே சௌடேஸ்வரி பூமியை வரைந்தாள்,
முப்பதடி செம்மண்,
அப்புறம் ஓடைக்கல், அப்புறம்
கருங்கல் கருங்கல் கருங்கல்.
மூன்று குழிக்கு ஒன்று வறண்டே ஆகும் என்றாள்.
காசு கொடுத்து எவன் புழுதி வாங்குவான் என்றான் அர்த்தனாரி.
பதினோரு நாள் இருவரும் பேசவில்லை.
ஒரே டீயை நான் இரண்டு கிளாஸில் வாங்கி
இரண்டு மூலைக்குக் கொண்டுபோனேன்.

ஒலிக்காக
மல்லசமுத்திரம் தாண்டி ஒரு காட்டில்
விடியும் வரை மைக்கைப் பிடித்து நின்றேன்.
ராடு மேல் ராடு மாட்டும் இரும்பு,
கம்ப்ரசரின் நெஞ்சுச்சளி,
எழுநூற்று எண்பதாவது அடியில்
புழுதி சேறாவதற்குக் கொஞ்சம் முன்
சத்தம் ஒரு படி இறங்குமே, அது.
காட்டுக்காரம்மா அதற்கும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டார்.
அதை வெட்டி எடுத்துவிட்டேன்.
மீதியெல்லாம் ஆட்டத்தில் இருக்கிறது.

இப்போது பதினான்கு நாற்காலி,
சரவணம்பட்டியில், ஏசியோடு.
'நிச்சயத் தண்ணீர்' என்றொரு பொத்தான்,
அர்த்தனாரி வைத்தது,
அதுதான் சம்பளம் போடுகிறது, மறைக்க ஒன்றுமில்லை.
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் அதைத்தான் அமுக்குகிறார்கள்.
அவன் பெங்களூர் போய்விட்டான்.
பங்கை விற்கவில்லை,
கூட்டத்துக்கும் வருவதில்லை.

மீதி நாலு பேரில் ஒருத்தர்
பெயர் எழுதும் இடத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்தவர்.
ஒரே குழியை
அறுபத்து மூன்று இரவு இறக்கியிருக்கிறார்.
அங்கே தண்ணீர் கிடையாது.
எங்களுக்குத் தெரியும், வைக்காமல் விட்டது நாங்கள்தானே.
ஒரு எண்ணை மாற்றினால் போதும்.
சௌடேஸ்வரி மவுஸ் மேல் கைவைத்தபடி
வெகுநேரம் இருந்தாள்.
பின்பு கையை எடுத்து
துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.
சரியா தப்பா என்று
நாங்கள் இன்னும் பேசவில்லை.

அறுபத்து நாலாம் இரவு
அவர் தோண்டவில்லை.
வண்டியை நிறுத்தி, ஜாக்கி இறக்கி,
கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு
நாற்பது நிமிசம் சும்மா இருந்தார்.
அப்புறம் அணைத்தார்.

பதிவில் அவ்வளவுதான் இருக்கிறது.